தோற்ற கட்சிக்கு மறுபடி காசு போடலாமா?

கேள்வி: இலங்கையின் இரத்தினபுரி மாவட்டத்தில் கடை வைத்திருக்கிறேன். 2018இல் பொதுஜன பெரமுனவின் மொட்டுச் சின்னத்தில் வென்று பிரதேச சபையில் இருந்தேன். 2022 மே மாதத்துக் குழப்பத்துக்குப் பிறகு ஒதுங்கிவிட்டேன். 2025 தேர்தலிலும் கேட்கவில்லை. இப்போது மாகாண சபைத் தேர்தல் வரும் என்று பழைய ஆட்கள் கூப்பிடுகிறார்கள். சாமான் விலை இறங்கவில்லை, சனம் முணுமுணுக்கிறது, ஆகவே அடுத்த முறை நமக்குத்தான் என்பது அவர்கள் பேச்சு. எதிர்க்கட்சியான ஐக்கிய மக்கள் சக்தியிலிருந்தும் ஆள் விட்டுக் கேட்டார்கள். பொதுஜன பெரமுனவுக்கு எதிர்காலம் உண்டா? கையிலிருக்கும் காசை இதில் போடலாமா?

பதில்: கட்சி சாகவில்லை. ஆனால் "சனத்துக்குக் கஷ்டம், ஆகவே நமக்கு வாக்கு" என்று உங்கள் நண்பர்கள் போடும் கணக்கு பிழை. அதை நம்பி ஒரு ரூபாவும் இறக்காதீர்கள்.

கஷ்ட காலத்தில் வாக்காளர்கள் ஆட்சியில் இருப்பவரைத் தண்டிப்பார்கள் என்பது உண்மைதான். எங்கள் நாட்டில் அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. ஆனால் ஆளும் கட்சியை விட்டு வெளியேறும் வாக்கு எந்த வாசலில் போய் நிற்கும் என்பது வேறு கேள்வி. கஷ்டம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, தோற்ற கட்சியிடம் மிச்சமிருக்கும் வாக்கு எவ்வளவு, அது முன்பு இருந்த இடத்தில் இப்போது வேறு யாராவது உட்கார்ந்துவிட்டார்களா என்று பார்த்தால்தான் விடை தெரியும்.

பழைய ஆட்கள் உங்களுக்கு 1977 கதையைச் சொல்லியிருப்பார்கள். 1970 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 17 ஆசனங்களுக்குச் சுருங்கியது. அப்புறம் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியது, பாணுக்கு வரிசை, அரிசியை இடம் விட்டு இடம் கொண்டுபோகத் தடை. 1977 ஜூலையில் அதே கட்சி 168இல் 140 ஆசனங்களோடு வந்தது. கேட்கும்போது உற்சாகமாகத்தான் இருக்கும். அவர்கள் சொல்லாமல் விடும் விசயம் ஒன்று இருக்கிறது: 1970இல் அந்தக் கட்சி எடுத்த வாக்கு கிட்டத்தட்ட 38 வீதம், வென்ற சுதந்திரக் கட்சியின் வாக்கைவிடவும் சற்றுக் கூட. தொகுதி முறைதான் அதை 17 ஆக்கிக் காட்டியது. அடித்தளம் அப்படியே இருந்தது, பாண் வரிசையும் அதன் ஆட்சியில் உண்டானதில்லை.

1977இல் தோற்ற சுதந்திரக் கட்சியின் கதைதான் உங்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும். 8 ஆசனங்கள், ஏறத்தாழ 30 வீத வாக்கு. வரிசைக் காலம் அதன் பெயரில் எழுதப்பட்டிருந்தது. ஆட்சியைத் திரும்பப் பிடிக்க 1994 வரை, 17 வருடங்கள் போயின. இடையில் ஆண்டவர்கள் மேல் சனத்துக்குக் கோபம் இல்லாமல் இருந்ததா என்ன? 30 வீதம் கையில் வைத்திருந்த கட்சிக்கே அவ்வளவு காலம்.

சரி, மொட்டு எங்கே நிற்கிறது? 2020 பொதுத் தேர்தலில் 68 இலட்சத்து 53 ஆயிரம் வாக்கு, 59 வீதம், 145 ஆசனங்கள். 2024 நவம்பரில் 3 இலட்சத்து 50 ஆயிரம் வாக்கு, 3.14 வீதம், 3 ஆசனங்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு ஜனாதிபதித் தேர்தலில் மொட்டுவின் வேட்பாளர் நாமல் ராஜபக்ஷ எடுத்ததும் ஏறக்குறைய அதே 3 இலட்சத்து 42 ஆயிரம்தான். 2024இல் வென்று ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்தி எடுத்த வாக்கைப் பாருங்கள்: 68 இலட்சத்து 63 ஆயிரம். நான்கு வருடம் முன்பு மொட்டு எடுத்ததோடு ஒப்பிட்டால் பத்தாயிரம்தான் வித்தியாசம். எல்லாரும் அதே ஆட்கள் என்று சொல்ல முடியாது. வடக்கிலும் மலையகத்திலும் புதிதாகச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் தெற்கின் கிராமத்து வாக்கு ஒரு பெரிய கட்டாக இடம் மாறியது என்பதை உங்கள் வட்டாரத்திலேயே பார்த்திருப்பீர்கள். அந்த வாக்கு இப்போது வேறு வீட்டில் இருக்கிறது.

இதற்கு நண்பர்களிடம் ஒரு பதில் இருக்கும். தேசிய மக்கள் சக்தியும் 2020இல் 3 ஆசனக் கட்சிதானே, 3.84 வீதம்தானே, அது 159க்கு வரவில்லையா என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கட்சி 3இல் இருந்தபோது எரிவாயு வரிசை, பெற்றோல் வரிசை, 13 மணி நேர மின்வெட்டு எதுவும் அதன் கணக்கில் இல்லை. இரண்டு பெரிய முகாம்களும் ஒரே நேரத்தில் நம்பிக்கை இழந்தன, தள்ளி நின்றவர்களிடம் வாக்கு போனது. மொட்டு தள்ளி நின்ற கட்சி இல்லை. 2019 கடைசியில் பெறுமதி சேர் வரியை 15இலிருந்து 8 வீதமாகக் குறைத்ததும், 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தியதும், 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்ததும் அதன் ஆட்சியில். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றமும் ராஜபக்ஷ சகோதரர்களான கோட்டாபய, மஹிந்த, பசில் உள்ளிட்டவர்கள் பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தில் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. மேடையில் யார் என்ன பேசினாலும் எதிராளி அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுவார்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, உங்கள் நண்பர்களுக்குச் சாதகமான ஒரு கணக்கையும் சொல்ல வேண்டும். 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலை நான் கவனமாகப் பார்த்தேன். தேசிய மக்கள் சக்தி ஆறு மாதத்துக்குள் 68 இலட்சத்திலிருந்து 45 இலட்சத்துக்கு இறங்கியது. வாக்களிக்க வந்தவர்களும் குறைவு, ஆகவே முழுவதும் கட்சி தாவல் இல்லை. அந்த நேரத்தில் பிரதான எதிர்க்கட்சியான ஐக்கிய மக்கள் சக்தி கூட்டிக்கொண்டது 2 இலட்சத்து 90 ஆயிரம். மொட்டு கூட்டிக்கொண்டது 6 இலட்சம்! 3 இலட்சத்து 50 ஆயிரத்திலிருந்து 9 இலட்சத்து 54 ஆயிரம், 9.17 வீதம், 742 உறுப்பினர்கள். தலைமை சிதறிய பிறகும் கிராமத்தில் ஆள் இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடைக்காது.

ஆனால் அது என்ன மாதிரியான வாக்கு என்று யோசியுங்கள். உள்ளூராட்சியில் சனம் வட்டாரத்து ஆளைப் பார்க்கிறது. மரணவீட்டுக்கு வந்தவர், பாதை போட்டவர், ஆஸ்பத்திரிக்கு வாகனம் அனுப்பியவர். உங்களைப் போன்றவர்களின் சொந்தச் செல்வாக்கு அந்த 9 இலட்சத்தில் கலந்திருக்கிறது. ஜனாதிபதித் தேர்தலில் அது அப்படியே திரும்பி வரும் என்று எதிர்பார்க்க முடியாது. கட்சித் தலைமை இதைத் தன் மீட்சி என்று காட்டும், காட்டத்தான் செய்யும். என் கண்ணுக்கு அது பெரும்பாலும் உள்ளூர் ஆட்களின் மீட்சி.

பொருளாதாரச் சரிவு ஒரு கட்சியை நிரந்தரமாக அழிக்குமா என்று பார்க்க ஐரோப்பாவில் இரண்டு நாடுகள் இருக்கின்றன. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நாடு கடனில் மூழ்கி, ஆளும் கட்சி சர்வதேச நாணய நிதியத்தை வீட்டுக்குள் அழைத்தது.

அயர்லாந்தில் ஃபியன்னா ஃபால் கட்சி 2007இல் 77 ஆசனங்கள் எடுத்தது. வங்கிகள் விழுந்தன, 2010 நவம்பரில் நாணய நிதியம் வந்தது, 2011 தேர்தலில் 20 ஆசனங்கள். கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் எழுதினார்கள். 2014 உள்ளூராட்சித் தேர்தலில் அதுவே அதிக உறுப்பினர்களைப் பெற்றது, 2016இல் 44 ஆசனங்கள், 2020இல் அதன் தலைவர் மீஹால் மார்ட்டின் பிரதமர். எப்படி? பின்னால் வந்த அரசும் அதே நிதியத் திட்டத்தைத்தான் நடத்தியது, வெட்டுக்களின் கெட்ட பெயரில் பெரிய பங்கு கூட்டணியில் இருந்த தொழிற்கட்சிக்குப் போய் அது 37இலிருந்து 7க்கு விழுந்தது. அதைவிட முக்கியம், 2011இலும் ஃபியன்னா ஃபாலுக்கு 17 வீத வாக்கு மிச்சம் இருந்தது, அதன் வாக்காளரை மொத்தமாக அள்ளிக்கொள்ள இன்னொரு கட்சி அப்போது தயாராக இருக்கவில்லை. மார்ட்டின் 2012 கட்சி மாநாட்டில் பிழை விட்டோம் என்று சொல்லி மன்னிப்பும் கேட்டார். இங்கே கோட்டாபய 2024இல் புத்தகம் போட்டு, தன்னைப் பதவியிலிருந்து அனுப்பியது சர்வதேசச் சதி என்றார். இந்த வித்தியாசம் எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை.

கிரேக்கத்தில் பாசோக் 2009இல் 44 வீதத்தோடு ஆட்சிக்கு வந்த கட்சி. 2012 ஜூனில் 12 வீதம், 2015 ஜனவரியில் 4.7. அதன் வாக்காளரை சிரிசா என்ற கட்சி அப்படியே எடுத்துக்கொண்டது. பாசோக் மறுபடி 12 வீதத்தை ஒட்டி வந்தது 2023இல் சிரிசா சரிந்தபோதுதான், 2024 கடைசியில் பிரதான எதிர்க்கட்சி ஆனது சிரிசா உடைந்த பிறகுதான்.

மொட்டு கிரேக்கப் பக்கம் நிற்கிறது. அதன் இடத்தில் ஆளும் கட்சியே உட்கார்ந்திருக்கிறது. அது உடையாதவரை, அல்லது அதன் கிராமத்து ஆதரவாளர் பெரிய அளவில் வெறுத்துப் போகாதவரை, விலைவாசி முணுமுணுப்பு மட்டும் அந்த வாக்கைத் திருப்பிக் கொண்டுவராது. அத்தோடு விலை 'இறங்கவில்லை' என்பதும் விலை 'ஏறிக்கொண்டிருக்கிறது' என்பதும் வேறு. 2022 செப்டெம்பரில் 70 வீதத்தில் இருந்த பணவீக்கம் 2024 செப்டெம்பரில் பூச்சியத்துக்குக் கீழே போனது. சனத்தின் கை இறுக்கம் தீரவில்லை என்பது உண்மை. ஆனால் வரிசையில் நின்ற நினைவு இருக்கும்போது, அந்த இறுக்கத்துக்குச் சிலர் இன்னும் பழைய ஆட்சியைத்தான் திட்டுவார்கள்.

கட்சி ஒரேயடியாக மறையவும் கூடும். எங்கள் ஊரில் அதற்கு ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. 2015இல் 106 ஆசனங்கள் எடுத்த ஐக்கிய தேசியக் கட்சி 2020இல் 2.15 வீதமும் ஒரு தேசியப் பட்டியல் ஆசனமுமாக முடிந்தது, காரணம் அதன் ஆட்களும் வாக்கும் ஐக்கிய மக்கள் சக்திக்குப் போனதுதான். மொட்டுவும் சுதந்திரக் கட்சிக்கு அதையேதான் செய்தது. 2018இல் நீங்கள் வென்ற அந்தத் தேர்தலில் 40 வீதம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

ஐக்கிய மக்கள் சக்தியின் அழைப்புக்கு வருகிறேன். இரண்டாம் இடத்தில் இருப்பதால் அது பாதுகாப்பான இடம் என்று தோன்றும். ஆனால் நெருக்கடி முழுவதும் எதிர்க்கட்சியாக இருந்தும் அதன் வாக்கு 2020இல் 27 இலட்சத்திலிருந்து 2024இல் 19 இலட்சத்துக்கு இறங்கியது. சனத்துக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை, பிடிப்பும் இல்லை. உங்களுக்கு அங்கே ஒரு காரணம் இருக்கிறது: தோட்டத்து வாக்கு. மலையகத் தமிழ்க் கட்சிகளின் தமிழ் முற்போக்குக் கூட்டணி அவர்களோடு இருக்கிறது. உங்கள் கடைக்கு வருபவர்களில் தோட்டத்து ஆட்கள் பாதிக்கு மேல் என்றால் அந்த வாசலைத் தட்டுவதில் அர்த்தம் உண்டு. கிராமத்துச் சிங்கள வாக்கில் வென்றவர் என்றால் அங்கே நீங்கள் கடைசி வரிசை ஆள்தான்.

பதில் சொல்வதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். 2025இல் உங்கள் பிரதேச சபைக்கு நடந்த தேர்தலின் வட்டார முடிவுகளை எடுத்து, மொட்டுவுக்கு எந்த வட்டாரத்தில் எவ்வளவு என்று பாருங்கள். நீங்கள் 2018இல் வென்ற வட்டாரத்தில் நீங்கள் இல்லாமலே 10 வீதத்துக்கு மேல் வந்திருந்தால் அங்கே கட்சிக்கு வேர் இருக்கிறது. 3, 4 வீதம் என்றால் அப்போது வென்றது நீங்கள், சின்னம் இல்லை. அப்படியானால் நீங்கள் எந்தச் சின்னத்திலும், சுயேச்சையாகவும் யோசிக்கலாம். அடுத்த உள்ளூராட்சித் தேர்தல் எப்படியும் 2029ஐ ஒட்டித்தான், அவசரம் ஒன்றுமில்லை.

மாகாண சபை விசயத்தில் இன்னும் நிதானம் வேண்டும். சப்ரகமுவ மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012இல், பதவிக்காலம் 2017இல் முடிந்தது. 2017இல் சட்டத்தைத் திருத்தித் தொகுதி கலந்த முறைக்கு மாற்றினார்கள், எல்லை நிர்ணய அறிக்கை அடுத்த வருடம் பாராளுமன்றத்தில் தோற்றது, அதோடு எல்லாம் நின்றது. தேர்தல் வைக்க வேண்டுமென்றால் ஒன்று அந்த எல்லைகளை முடிக்க வேண்டும், அல்லது பழைய விகிதாசார முறைக்குத் திரும்பச் சட்டம் கொண்டுவர வேண்டும்.

உங்கள் காசு எவ்வளவு போகும் என்பதும் அதில்தான் இருக்கிறது. தொகுதி முறை வந்தால் உங்களுக்குத் தெரிந்த பகுதிக்குள் வேலை செய்யலாம். விருப்பு வாக்கு உள்ள பழைய விகிதாசார முறை வந்தால் எம்பிலிப்பிட்டியவிலிருந்து எஹலியகொட வரை முழு மாவட்டமும் ஓட வேண்டும், அதுவும் பெரும்பாலும் சொந்தக் கட்சிக்காரரோடு போட்டி போட்டு. 9 வீதக் கட்சிக்கு மாவட்டத்தில் ஓரிரு ஆசனங்கள் வந்தாலே அதிகம், அதற்குப் பழைய அமைச்சர்மாரின் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அந்தச் சட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்வரை கூட்டங்களுக்குப் போங்கள், தேநீர் குடியுங்கள், முற்பணம் கொடுக்காதீர்கள். இறங்குவதென்று முடிவெடுத்தால் முதல் நாளிலிருந்தே பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். 2023இன் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டப்படி செலவுக்கு உச்ச வரம்பு உண்டு, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும், தோற்றாலும்.