கடிதம் படிக்கும் பெண்: தனிமையா, காதலா?

கேள்வி: 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் 'திறந்த ஜன்னலருகே கடிதம் படிக்கும் பெண்' ஓவியத்தில் எனக்குத் தனிமைதான் தெரிகிறது. நண்பரோ அது காதல் ஓவியம் என்கிறார். உணர்வையும் குறியீட்டையும் எப்படிப் புரிந்துகொள்வது?

பதில்: நீங்கள் இருவரும் வெவ்வேறு காலத்துப் பிரதிகளைப் பார்த்திருக்கலாம். பழைய பிரதிகளில் அவளுக்குப் பின்னால் இருப்பது வெற்றுச் சுவர். அந்தச் சுவருக்கு அடியில் மன்மதன் படம் ஒன்று இருப்பது 1979-இல் எக்ஸ்ரே மூலம் தெரிந்தது. வெர்மீரே அதை மறைத்துவிட்டார் என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். ஆனால் மன்மதனுக்கும் மேல்பூச்சுக்கும் நடுவே அழுக்குப் படலம் இருந்தது. அவர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் யாரோ பூசியிருக்கிறார்கள். நுண்ணோக்கியின் கீழ் கத்தியால் அந்த மேல்பூச்சைச் சுரண்டி எடுத்து, 2021-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஓவியத்தைக் காட்சிக்கு வைத்தார்கள். ஆக, உங்களுக்குத் தோன்றிய தனிமையில் பெரும்பங்கு அந்த வெற்றுச் சுவருடையது.

உணர்வை முதலில் பாருங்கள், பொருள்களை அப்புறம். கண்ணை இடுக்கிப் பார்த்தால் விவரங்கள் மங்கி, ஒளியும் இருளும் மட்டும் மிஞ்சும். இங்கே ஒளி இடப்பக்கத்திலிருந்து வந்து நெற்றியிலும் கடிதத்திலும் விழுகிறது. தலை குனிந்திருக்கிறது, பார்வை தாளை விட்டு அகலவில்லை. முகத்தில் சோகத்துக்கான தடயம் எதுவும் இல்லை. இருப்பது ஆழ்ந்த கவனம். முன்னால் மேசையும் திரையும் நம்மை எட்ட நிறுத்துகின்றன. 'தனிமை' என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த இடைவெளியைத்தான்.

பிறகு குறியீடு. எந்தப் பொருளானாலும் இரண்டு கேள்விகள் போதும்: அந்தக் காலத்தில் அதற்கு அப்படியொரு அர்த்தம் இருந்ததா? படத்தில் உள்ள மற்றவை அதோடு ஒத்துப்போகின்றனவா? மன்மதன் இரண்டிலும் தேறுகிறான். அவன் காலடியில் முகமூடிகள் மிதிபடுகின்றன. பொய்யை வென்ற காதல் என்று படிக்க இடமுண்டு. கையில் கடிதமும் இருக்கிறது. சாய்ந்த தட்டிலிருந்து உருளும் பழங்களை ஏவாளின் கனியோடு சேர்த்துப் பேசுவார்கள்; எனக்கு அது பலவீனமான வாதம். பச்சைத் திரையை உடனே 'ரகசியம்' என்று எழுதிவிடாதீர்கள். அன்றைய டச்சு வீடுகளில் ஓவியத்தின் மேல் திரை போடுவது வழக்கம். அதைப்போலவே தீட்டிக் கண்ணை ஏமாற்றும் வித்தை இது.

'நீலம் என்றால் சோகம்' வகை நிறப் பட்டியல்களை ஒதுக்கிவிடுங்கள். இருட்டாகத் தெரிந்தாலும் அவசரப்பட வேண்டாம். இன்னொரு டச்சு ஓவியரான ரெம்பிராண்டின் 1642-ஆம் ஆண்டு ஓவியத்துக்கு 'இரவுக் காவல்' என்ற பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டதுதான். வார்னிஷ் கறுத்துப்போனதால் பகல் காட்சி இரவாகத் தெரிந்தது. ஓவியம் எப்போது சுத்தம் செய்யப்பட்டது என்பதை அருங்காட்சியகக் குறிப்பில் பார்த்த பிறகு சோகத்தைப் பற்றி எழுதலாம்.