கார்டு இருக்கும்போது பாலிசியும் வேண்டுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மருத்துவச் செலவு பற்றியவை. சுருக்கித் தந்திருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

கே: எங்களுக்கு அரை ஏக்கர் தேயிலை. முதல்வர் காப்பீட்டு கார்டு இருக்கிறது. "அது அவசரத்துக்கு உதவாது, ஐந்து லட்சத்துக்குத் தனியார் பாலிசி எடுங்கள்" என்கிறார் ஏஜெண்ட். நான்கு பேருக்கு வருடம் 22,000 ரூபாய். எடுக்கலாமா? (அரவேனு)

ப: உங்கள் கார்டிலும் குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம்தான். அதற்கு நீங்கள் ஒரு பைசா கட்டுவதில்லை. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான திட்டம் அது. 2012 முதல் நடக்கிறது, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டோடு இணைந்தது. அரசு மருத்துவமனையிலும் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் செல்லும். ஏற்கெனவே நோய் இருக்கிறதே என்று காத்திருக்க வைக்காது. தனியார் பாலிசியில் முதல் 30 நாள் விபத்துக்கு மட்டும்தான் பணம் வரும். பழைய நோய்க்கு மூன்று வருடம் வரை தள்ளிவைக்க விதி இடம் தருகிறது.

பாலிசிக்கும் ஒரு பலம் உண்டு. கார்டு பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும்தான். பாலிசி, அட்மிட் ஆகும் பெரும்பாலான நோய்களுக்குச் செல்லும், மருத்துவமனைகளும் அதிகம். ஆனால் மாதாமாதம் வாங்கும் பிரஷர் மாத்திரைக்கு இரண்டிலும் பணம் வராது. பல வீடுகளைக் கரைப்பது அந்தச் செலவுதான். அதற்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

பச்சைத் தேயிலை விற்கிற விலைக்கு 22,000 ரூபாயை ஏஜெண்டிடம் கொடுக்காதீர்கள். வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே 1800 425 3993-க்குப் பேசி, கார்டில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பேரன் பெயர் சேரவில்லை என்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரி கவுண்டரில் நிற்கும்போதுதான் தெரியவருகிறது.

கே: பிரீமியத்தோடு 18 சதவீதம் ஜிஎஸ்டியும் சேர்த்துக் கேட்கிறார்கள். சரியா? (வெலிங்டன்)

ப: தவறு. தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது. கொடுக்காதீர்கள்.

கே: மாமனாருக்கு பாலிசி எடுத்தபோது சுகர் மாத்திரை சாப்பிடுவதை ஏஜெண்டிடம் சொன்னோம். "அதை எழுதினால் பிரீமியம் ஏறும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவரே படிவத்தை நிரப்பினார். மூன்றாம் வருடம் பித்தப்பைக் கல் ஆபரேஷன். நோயை மறைத்ததாகச் சொல்லி கிளெய்மை மறுத்துவிட்டார்கள். 90,000 ரூபாய் கடன். (மஞ்சூர்)

ப: அம்மா, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். கடிதத்தைப் படித்து எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கமிஷனுக்காகப் படிவத்தில் பொய் எழுதியவர் நன்றாக இருக்கிறார், கடன் உங்கள் தலையில்.

விட்டுவிடாதீர்கள். நிரப்பிய படிவத்தின் நகலைக் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள். கையெழுத்து யாருடையது, டிக் யார் போட்டது என்று பாருங்கள். ஏஜெண்டோடு வாட்ஸப்பில் பேசியது இருந்தால் அழிக்காதீர்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு நடந்ததை எழுத்தில் அனுப்புங்கள். பித்தப்பைக் கல்லுக்கும் சுகருக்கும் என்ன தொடர்பு என்பதையும் அதிலேயே கேளுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம், அதாவது கம்பெனி மேல் வரும் புகாரை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 50 லட்சம் வரை உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும், இதை மட்டும் மறக்காதீர்கள். ஊட்டியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது.

மற்றவர்களுக்கு: பாலிசி தொடர்ந்து 60 மாதம் ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் தவிர, மறைத்தார்கள் என்ற காரணம் காட்டி மறுக்க முடியாது. அதற்காக யாரும் எதையும் மறைக்க வேண்டாம். படிவத்தை நீங்களே நிரப்புங்கள்.

கே: மகள் இங்கிலாந்தில் நர்ஸ். ஆறு மாதம் தங்கப் போகிறோம். "இங்கே வைத்தியம் எல்லாருக்கும் இலவசம்" என்கிறாள். பயண இன்சூரன்ஸ் தேவையா? எனக்கு பிரஷர், அவருக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. (குன்னூர்)

ப: கட்டாயம் தேவை. அந்த இலவசம் அங்கே வசிப்பவர்களுக்கு. விருந்தாளியாகப் போகிறவருக்கு அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம்தான், ஆனால் வார்டில் சேர்த்த நிமிடத்திலிருந்து பில் ஓடும். அதுவும் அவர்கள் செலவுக் கணக்கின் ஒன்றரை மடங்கு. பிரஷரையும் ஸ்டென்ட்டையும் படிவத்தில் எழுதி, அதற்கும் செல்லும் பாலிசியாக வாங்குங்கள். எழுதாமல் வாங்கினால் பணம் வீண்.

கே: போனிலேயே பத்து நிமிடத்தில் மூன்று லட்சம் பாலிசி எடுத்தேன். ஒன்றும் படிக்கவில்லை. 1,50,000 பில்லுக்கு 95,000தான் தந்தார்கள். கொள்ளை அடிக்கிறார்கள் சார். (உதகை)

ப: நீங்கள் அனுப்பிய பில்லைப் பார்த்தேன். பாலிசியில் அறை வாடகை ஒரு நாளைக்கு பாலிசித் தொகையில் ஒரு சதவீதம் வரைதான், அதாவது 3,000 ரூபாய். நீங்கள் எடுத்த அறை 6,000. இருமடங்கு அறை எடுத்தால் வாடகையில் மட்டும் பாதி போவதில்லை. அந்த அறையை ஒட்டி ஏறும் சர்ஜன் கட்டணம், தியேட்டர், நர்சிங் எல்லாம் அதே கணக்கில் பாதியாகும். ஐந்து நாள் வாடகை 30,000-க்கு 15,000. சர்ஜன் முதலானவை 80,000-க்கு 40,000. மருந்து, பரிசோதனை 40,000 முழுதாக வந்திருக்கிறது. கணக்கு சரி. புகார் கொடுத்துப் பயனில்லை.

பாலிசியின் முக்கிய விவரங்களைச் சுருக்கி ஒரு தாளில் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. கேட்டால் தமிழிலும் தர வேண்டும். பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஒரு மிக்ஸி வாங்க மூன்று கடை ஏறி இறங்குகிறவர்கள், உயிர் சம்பந்தப்பட்ட காகிதத்தை ஏன் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறீர்கள்? இதைப் பலமுறை எழுதிவிட்டேன்.

கே: வங்கியில் லோன் கொடுக்கும்போதே மருத்துவ பாலிசி ஒன்றும் தருகிறார்கள். நாளுக்கு 1,000 ரூபாய் என்று போட்டிருக்கிறது. நல்லதா? (கோத்தகிரி)

ப: வேண்டாம். என் அப்பாவுக்கு இதே மாதிரி ஒன்றை, முழு மருத்துவக் காப்பீடு என்று சொல்லி ஒரு வங்கியில் என்னிடம் விற்றார்கள். அவர் நெஞ்சுவலியோடு படுத்திருந்தபோது படுக்கைக்கு நாளொன்றுக்கு ஆயிரம் மட்டும் வந்தது. ஆஞ்சியோவுக்கு, மருந்துக்கு எதுவும் இல்லை. பாலிசி எடுத்தால்தான் லோன் என்று மேனேஜர் சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்.

கே: தேயிலைத் தோட்டத்தில் நிரந்தரத் தொழிலாளி. தனியாக பாலிசி அவசியமா? (பந்தலூர்)

ப: இப்போது வேண்டாம். தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வைத்திய வசதி தருவது 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே நிர்வாகத்தின் கடமை. தோட்ட ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை, மருந்து இல்லை என்றால் சங்கத்தின் வழியாகக் கேளுங்கள். ஓய்வு பெறுவதற்கு முன்பே முதல்வர் காப்பீட்டு கார்டை வாங்கிவிடுங்கள். கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்தில் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று கேட்பார்கள்.

கே: பத்து லட்சத்துக்கு பாலிசி வைத்திருக்கிறோம். "இனி கவர்மென்ட் ஆஸ்பத்திரி நமக்கெதற்கு, அது இல்லாதவங்களுக்கு" என்கிறான் மகன். சரிதானா? (கேத்தி)

ப: சரியில்லை. இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு வருத்தமாக இருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பாலிசி தருவது பணம். படுக்கையையும் டாக்டரையும் வேறு யாராவது ஏற்கெனவே கட்டி வைத்திருக்க வேண்டும். ஐப்பசி மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்த இரவில் மாரடைப்பு வந்தால், கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியின் கேஷ்லெஸ் வசதியால் (பில்லைக் கம்பெனியே நேராகக் கட்டுவது) உங்களுக்கு என்ன பயன்? அன்றைக்கு இருக்கப்போவது குன்னூர் லாலி மருத்துவமனையும் ஊட்டி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும்தான். 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு ஊட்டி மருத்துவமனை திறக்கப்பட்டபோது இந்த மலைக்கு எவ்வளவு பெரிய பலம் வந்தது என்பதை நாம் சரியாக உணரவில்லை.

பணம் இல்லாத காரணத்தால் ஒருவருக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாது என்று, இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய்ந்த ஜோசப் போர் (Bhore) கமிட்டி 1946-லேயே எழுதிவிட்டது. இங்கிலாந்து 1948 ஜூலை 5-ல் அதை நடைமுறைக்கே கொண்டுவந்தது. வரிப்பணத்தில் எல்லோருக்கும் ஒரே சேவை, பணக்காரர் ஏழை என்று தனி வரிசை இல்லை. அங்கேயும் குறை உண்டு. இடுப்பு மூட்டு மாற்ற மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஆனால் நடுத்தர மக்களும் அதே வரிசையில் நிற்பதால், குறையை அரசியல்வாதிகள் கண்டுகொள்ளாமல் இருக்க முடிவதில்லை. இங்கே குரல் உள்ளவர்கள் எல்லாம் பாலிசியோடு விலகிப் போனால், ஸ்கேன் மெஷின் ஓடவில்லை என்று கலெக்டரிடம் யார் போய்க் கேட்பது? பந்தலூர் தோட்டத் தொழிலாளியால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து கேட்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும். மூத்த குடிமக்களுக்கு வருடம் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தைக் கேட்க வேண்டும் என்று 2025-ல் கட்டுப்பாடு வந்திருக்கிறது. வருடம் அந்தப் பத்து சதவீதம் ஏறினாலே ஏழெட்டு வருடத்தில் பிரீமியம் இரட்டிப்பாகிவிடும். பென்ஷன் அப்படி ஏறாது. அரசு மருத்துவமனை உங்கள் வயதைப் பார்த்து விலை சொல்வதில்லை. பாலிசியை வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. அரசு மருத்துவமனை உங்களுடையதும்தான், நீங்கள் கட்டும் வரியில் நடப்பது. அங்கே போங்கள், குறை கண்டால் எழுதுங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கே: மலைப்பாதையில் விபத்து. பாலிசியும் இல்லை, கார்டும் இல்லை என்றால்? (பர்லியார்)

ப: 108-ஐ அழையுங்கள். இன்னுயிர் காப்போம் திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை யாருக்கும் இலவசம். வெளிமாநிலத்துக்காரருக்கும்தான்.

கே: கூடலூரிலிருந்து அவசரம் என்றால் நாங்கள் ஓடுவது சுல்தான் பத்தேரிக்கு, இல்லையென்றால் கோழிக்கோட்டுக்கு. எந்த கம்பெனி பாலிசி நல்லது? (கூடலூர்)

ப: கம்பெனிப் பெயர் சொல்ல மாட்டேன். நீங்கள் ஓடும் அந்த இரண்டு ஊர் மருத்துவமனைகளும் எந்த பாலிசியின் கேஷ்லெஸ் பட்டியலில் இருக்கின்றனவோ, அதை மட்டும் பரிசீலியுங்கள். பட்டியலை நம்பி உட்காராமல், மருத்துவமனையின் இன்சூரன்ஸ் மேசைக்கே போன் செய்து "இப்போது எடுக்கிறீர்களா" என்று கேளுங்கள், பட்டியல் அடிக்கடி மாறும். கேஷ்லெஸ் அனுமதி கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள், டிஸ்சார்ஜ் அன்று மூன்று மணி நேரத்துக்குள் கம்பெனி பதில் சொல்ல வேண்டும் என்பது 2024 விதி. தாமதித்தால் நேரத்தைக் குறித்து வைத்து, இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 எண்ணில் புகார் கொடுங்கள். பாலிசி எண்ணையும் உதவி எண்ணையும் ஒரு தாளில் எழுதி ஆதார் நகலோடு வண்டியிலேயே வைத்துவிடுங்கள். நாடுகாணி இறக்கத்தில் போன் சிக்னலை நம்ப முடியாது.