இன்காக்கள் எழுதினார்கள்

அன்புள்ள ஐயா,

நான் பள்ளியில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியை. சென்ற வாரம் மறுமலர்ச்சிக் காலப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். மைக்கலாஞ்சலோ சிஸ்டைன் தேவாலயச் சுவரில் 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்தைத் தொடங்குவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான், 1533இல், பெருவில் ஸ்பானியத் தளபதி பிசாரோவின் ஆட்கள் இன்கா மன்னர் அட்டவால்பாவைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள் என்று சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, "அதைப் பற்றி இன்காக்கள் என்ன எழுதினார்கள்?" என்று கேட்டாள். "அவர்களுக்கு எழுத்து கிடையாது. ஆகவே வென்றவர்கள் எழுதியதுதான் நமக்குக் கிடைத்திருக்கிறது" என்று பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் சொன்னது சரிதானா?

அன்புடன்,
செ.

அன்புள்ள செ.,

உங்கள் பதிலில் முதல் வாக்கியம் ஏறக்குறைய சரி. "ஆகவே" என்று தொடங்கும் இரண்டாவது வாக்கியம் தவறு. பெரும்பாலான பாடநூல்கள் அப்படித்தான் சொல்கின்றன, அதனால் இது உங்கள் பிழை மட்டுமல்ல. ஆனால் அந்த மாணவியிடம் நாளையே திருத்திச் சொல்லிவிடுங்கள். அவள் கேட்டது மிக நல்ல கேள்வி.

ஆண்டிஸ் மலை மக்களிடம் கிப்பு இருந்தது. ஒரு தலைக்கயிறு, அதிலிருந்து தொங்கும் பல நிறக் கயிறுகள், அவற்றில் முடிச்சுகள். முடிச்சு விழுந்த இடத்தைக் கொண்டு ஒன்று, பத்து, நூறு என்று படிப்பார்கள். 1561இல் ஹவுஹா பள்ளத்தாக்கின் தலைவர்கள் லிமாவின் ஸ்பானிய நீதிமன்றத்துக்குக் கிப்புகளோடு வந்தார்கள். 1533 முதல் பிசாரோவின் படைக்குத் தாங்கள் கொடுத்த லாமாக்கள், மக்காச்சோளம், போர்வைகள், சுமை தூக்க அனுப்பிய ஆட்கள் என ஒவ்வொன்றையும் கயிற்றிலிருந்து படித்துச் சொன்னார்கள். கொடுத்தது தனியாகவும் கொள்ளை போனது தனியாகவும் இருந்தது. நீதிமன்ற எழுத்தர் அதைச் சாட்சியமாகவே பதிவு செய்தார். பல ஆண்டுகளின் கணக்கு அது. அவர்கள் இன்காக்கள் அல்லர், இன்காக்களின் ஆட்சியை வெறுத்து ஸ்பானியர்களோடு சேர்ந்த வேறு இனத்தவர். பிசாரோ 168 பேரைக் கொண்டே ஒரு பேரரசை வீழ்த்தினார் என்ற கதை எப்படி உருவானது என்பது அந்தக் கயிறுகளைப் பார்த்தால் புரியும். படைக்குச் சோறு போட்டவர்களையும் சுமை தூக்கியவர்களையும் அந்தக் கதை விட்டுவிட்டது.

இனி இன்காக்களுக்கு வருகிறேன். 1532 நவம்பர் 16 அன்று பெருவின் கஹமார்க்கா நகரச் சதுக்கத்தில் வால்வெர்தே என்ற பாதிரியார் நீட்டிய சமயநூலை அட்டவால்பா தரையில் எறிந்தார், அந்த அவமதிப்புக்காகவே தாக்குதல் தொடங்கியது என்பது ஸ்பானியர்கள் எழுதியது. அட்டவால்பாவின் அண்ணன் தம்பி வழியில் வந்த டிட்டு கூசி யுபான்கி, வில்கபம்பா காடுகளில் இன்னும் தனியரசு நடத்திக்கொண்டிருந்தவர், 1570இல் தன் தரப்பைச் சொல்லி எழுதவைத்து ஸ்பானிய மன்னருக்கு அனுப்பினார். அதன்படி, அட்டவால்பா முதலில் பொற்கிண்ணத்தில் மக்காச்சோளக் கள்ளை வார்த்து விருந்தாளிகளுக்குக் கொடுத்தார். அவர்கள் அதைக் குடிக்காமல் தரையில் கொட்டினார்கள். மன்னர் நூலை எறிந்தது அதற்குப் பதிலாகத்தான். ஆண்டிஸில் கள்ளைப் பகிர்ந்து குடிப்பது உறவை ஏற்றுக்கொள்ளும் சடங்கு. அதைக் கொட்டியவனோடு பேச்சுக்கு இடமில்லை. இந்தக் கிண்ணத்தை விட்டுவிட்டு அந்த நூலை மட்டும் சொன்னால் கதை முழுக்கத் திரிந்துவிடுகிறது.

ஆனால் உங்கள் மறுமலர்ச்சிப் பாடத்துக்கு மிகவும் நெருக்கமானவர் இன்னொருவர். நான் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் படிக்கும் மனிதர்: இன்கா கார்சிலாசோ தெ லா வேகா. 1539இல் இன்காக்களின் தலைநகராக இருந்த குஸ்கோவில் பிறந்தார். தாய் சிம்பு ஒக்யோ, இன்கா அரச குலத்துப் பெண். தந்தை ஸ்பானியத் தளபதி. தந்தை அந்தத் தாயை முறைப்படி மணக்கவில்லை, பிறகு ஒரு ஸ்பானியப் பெண்ணை மணந்துகொண்டார். தாயின் உறவினர்கள் வீட்டுக்கு வந்து பழைய ஆட்சியைப் பேசிப் பேசி அழுவதைக் கேட்டே சிறுவன் வளர்ந்தான். அவன் பேசிய முதல் மொழி இன்காக்களின் மொழியான கெச்சுவா. 1560இல் ஸ்பெயினுக்குப் புறப்படும் முன் ஓர் அதிகாரியின் வீட்டில், பதப்படுத்தி வைத்திருந்த இன்கா மன்னர்களின் உடல்களைக் கண்டான். ஹுவாய்னா கபாக்கின் விரலைத் தொட்டுப் பார்த்தான், மரச்சிலையின் விரலைப் போல விறைத்திருந்தது என்று முதுமையில் எழுதினார். அந்த மன்னர் அவருடைய தாய்வழிச் சொந்தம்.

ஸ்பெயினில், தந்தையின் சேவைக்கு உரிய மானியம் கேட்டு மனு கொடுத்தார். போர்க்களத்தில் அவருடைய தந்தை தன் குதிரையைக் கலகக்காரன் ஒருவனுக்குக் கொடுத்து உதவினார் என்ற காரணத்தால் அது மறுக்கப்பட்டது. அது உண்மையல்ல என்று அவர் வாதாடியபோது அதிகாரி கேட்டார்: வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள், அதை நீ மறுக்கப் பார்க்கிறாயா? அந்தக் கேள்விதான் அவரை எழுத்தாளராக்கியது என்பது என் உறுதியான எண்ணம். எழுதியவன் சொன்னதே உண்மையாகிவிடுகிறது என்றால், தானும் எழுதியாக வேண்டும்.

அவர் முதலில் வெளியிட்டது ஒரு மொழிபெயர்ப்பு. 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களில் ஒருவரான லியோன் எப்ரேயோ இத்தாலியில் வாழ்ந்து எழுதிய 'காதல் உரையாடல்கள்', பிளேட்டோவின் சிந்தனையில் ஊறிய மறுமலர்ச்சித் தத்துவ நூல். அதை இத்தாலிய மொழியிலிருந்து ஸ்பானியத்துக்குக் கொண்டுவந்து 1590இல் மத்ரித்தில் அச்சேற்றியவர் இந்தக் குஸ்கோக்காரர். தலைப்புப் பக்கத்திலேயே "இந்தியன் செய்த மொழிபெயர்ப்பு" என்று பெருமையோடு போட்டுக்கொண்டார் (அமெரிக்கப் பூர்வகுடிகளை ஸ்பானியர்கள் இந்தியர்கள் என்றே அழைத்தார்கள்). ஸ்பெயின் துரத்திய யூதரின் சொற்களை ஸ்பெயின் வென்ற இன்காவின் மகன் ஸ்பானியர்களுக்குக் கொடுக்கிறார். இந்த ஒரு நூலை வைத்தே மறுமலர்ச்சி வகுப்பை முழுதாக நடத்தலாம்.

1609இல் லிஸ்பனில், இன்காக்களின் வரலாற்றைச் சொல்லும் அவருடைய 'அரச உரைகள்' வெளிவந்தது. அதில் அவர் கையாளும் முறையைக் கவனியுங்கள். 1440இல் லொரென்ஸோ வல்லா என்ற இத்தாலிய அறிஞர், போப்புக்கு ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் எழுதிக்கொடுத்ததாகச் சொல்லப்பட்ட சாசனம் போலி என்பதை அதன் லத்தீன் சொற்களை ஆராய்ந்தே நிறுவினார். கார்சிலாசோ அதே கருவியைக் கெச்சுவாவுக்குக் கொண்டுவருகிறார். 'ஹுவாக்கா' என்ற சொல்லின் கடைசி அசையை அண்ணத்தில் ஒலித்தால் புனிதமானது என்று பொருள், தொண்டையில் ஒலித்தால் அழுவது என்று பொருள். இந்த வேறுபாடு காதில் விழாத ஸ்பானியர்கள் இன்கா சமயத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள் என்கிறார். நகரத்துக்கு நகரம் ல, ள, ழ வேறுபாட்டுக்காக வாதாடும் நமக்கு இந்த இடம் எளிதாகப் புரியும்.

அவரை முழுக்க நம்பிவிடவும் கூடாது. அவர் அரச குலத்து மகன். இன்காக்கள் வருவதற்கு முன் எல்லாரும் காட்டுமிராண்டிகள் என்று எழுதுகிறார். இன்காக்கள் நரபலி கொடுக்கவில்லை என்று அடித்துச் சொல்கிறார். ஆனால் 1999இல் ஆண்டிஸின் யூயையாக்கோ எரிமலை உச்சியில், இன்காக் காலத்தில் பலியிடப்பட்ட மூன்று குழந்தைகளின் உடல்கள் உறைந்த நிலையில் கிடைத்தன. அவர் தன் தாயின் குலத்துக்காக வாதாடுகிறார், அந்தக் குலத்தின் கீழ் இருந்தவர்களுக்காக அல்ல. ஆயினும் அந்த நூலுக்கு இருந்த வலிமையைப் பாருங்கள்: அவர் இறந்து நூற்றைம்பது ஆண்டுகள் கடந்த பிறகு, 1780இல் பெருவில் இரண்டாம் டூபாக் அமாரு ஸ்பானியர்களுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்ததைத் தொடர்ந்து, அந்தக் கிளர்ச்சிக்குத் தூண்டுகோல் என்று கருதி ஸ்பானிய அரசு அதைத் தடை செய்தது.

கடைசியாக, ஆண்டிஸ் பூர்வகுடி எழுத்தாளர் குவாமன் போமா. கார்சிலாசோவின் நேர்த்தியான ஸ்பானியம் இவரிடம் கிடையாது. கெச்சுவா கலந்த, இலக்கணம் உடைந்த ஸ்பானியத்தில், ஸ்பெயினின் மூன்றாம் பிலிப் மன்னருக்கு 1615இல் ஒரு கடிதத்தை எழுதி முடித்தார். ஏறக்குறைய 1200 பக்கங்கள், 398 முழுப்பக்கப் படங்கள். ஒரு படத்தில் இன்கா மன்னர் பொன் நிறைந்த தட்டை நீட்டி, "இந்தப் பொன்னையா தின்கிறீர்கள்?" என்று கெச்சுவாவில் கேட்கிறார். எதிரே மண்டியிட்டிருக்கும் ஸ்பானியன் "இந்தப் பொன்னைத்தான் தின்கிறோம்" என்று அவனுடைய மொழியில் பதில் சொல்கிறான்.

இன்னொரு அத்தியாயம் முழுவதும் கேள்வியும் பதிலும்தான். மன்னர் கேட்கிறார், ஆசிரியர் பதில் சொல்கிறார். மன்னர் ஒருநாளும் கேட்காத கேள்விகளை அவர் வாயில் வைத்துக் குவாமன் போமாவே எழுதுகிறார். என் இந்தியர்கள் ஏன் இப்போது பெருகாமல் ஏழைகளாகிறார்கள் என்று மன்னர் கேட்கிறார். பாதிரியார்களும் நிலக்கிழார்களும் அதிகாரிகளும் எங்கள் பெண்களைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பதில் தொடங்குகிறது.

அந்தக் கைப்பிரதி கோபன்ஹேகனின் அரச நூலகத்தில் கிடந்தது. 1908இல்தான் ஒரு ஜெர்மன் அறிஞர் அதைக் கண்டெடுத்தார். இப்போது அந்த நூலகம் ஒவ்வொரு பக்கத்தையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. படங்களைப் பார்க்க ஸ்பானியம் தெரிய வேண்டியதில்லை. உங்கள் மாணவிக்கு அந்தப் பொன் தட்டுப் படத்தை முதலில் காட்டுங்கள், யார் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். அடுத்து அவள் என்ன கேட்டாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்