பாடத்துக்காகக் குறும்படம் எடுக்கும் மாணவர் அதில் என்னதான் கற்றுக்கொள்கிறார்?

தம்பி விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன், காட்சித் தொடர்பியல்) இரண்டாம் ஆண்டு படிக்கிறான், செமஸ்டர் குறும்படத்துக்கு 15 ஆயிரம் கேட்கிறான், "இதையெல்லாம் யூடியூப் பார்த்தே கற்றுக்கொள்ள முடியாதா, காசைக் கரியாக்கி என்ன தெரிந்துகொள்ளப் போகிறான்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு. அந்தப் பொம்மை மட்டும் இல்லையென்றால் நான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போயிருப்பேன்.

ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களில் பாதி, கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் என்று பெயர்களை அடுக்கி, 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியைச் சொல்லி, "யாருக்குத் தெரியும், உங்கள் தம்பியும் வரலாம்" என்று முடிகின்றன. அவர்கள் குறும்படத்திலிருந்து வந்தது உண்மைதான். ஆனால் அது டிவி போட்டி. ஆசைப்பட்டவர்கள் தேடிப்போய்க் கலந்துகொண்டது. கார்த்திக் சுப்பராஜ் படித்தது இன்ஜினியரிங். உங்கள் தம்பி எடுக்கப்போவது மார்க்குக்கான படம். குழுவில் ஆறேழு பேர் இருப்பார்கள். அதில் இரண்டு பேருக்குச் சினிமாவே பிடிக்காது, ஒருவன் ஷூட்டிங் அன்று ஊருக்குப் போய்விடுவான். இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு படத்தை முடிப்பதில் கிடைப்பது வேறு வகைப் பாடம்.

என்னைப் பற்றி: கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் விஸ்காம், பெயர் வேண்டாம். இப்போது சென்னையில் விளம்பரப் படங்களுக்கும் ஆவணப் படங்களுக்கும் லொகேஷன் சவுண்டு, அதாவது படப்பிடிப்பு நடக்கும் இடத்திலேயே சத்தத்தைப் பதிவு செய்யும் வேலை, பார்க்கிறேன். ஆகவே இந்தப் பதிலில் சவுண்டு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். "சவுண்டுக்காரன் வேறு எதைப் பேசுவான்" என்று கீழே எழுத வருகிறவர்கள் இப்போதே எழுதிவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் குழுவில் வேலை பிரித்த விதம் இதுதான். சொந்தமாகக் கேமரா வைத்திருந்தவன் கேமராமேன். கவிதை எழுதுகிறவன் இயக்குநர். லேப்டாப் நன்றாக ஓடுகிறவள் எடிட்டர். மிச்சம் இருந்தவன் சவுண்டு. மிச்சம் நான். எல்லாக் கல்லூரியிலும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. நல்ல ஆசிரியர்கள் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கேமராவைத் தொட விடுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். எங்களுக்கு அப்படி வாய்க்கவில்லை.

கதை இயக்குநருடையது. கிராமத்தில் தனியாக இருக்கும் ஒரு கிழவி, வெளியூரில் இருக்கும் மகனின் போனுக்காகக் காத்திருக்கிறாள். அவ்வளவுதான். நண்பனின் ஆச்சியையே நடிக்கக் கேட்டோம். வீடும் அவர்களுடையதே. நான் போனதும் முதலில் காதில் விழுந்தது பக்கத்து மாவு மில். அடுத்து சீலிங் பேன். அதற்கும் அடியில் பிரிட்ஜ். கேமரா பார்க்கிறவனுக்கு இவை எதுவும் தெரியாது, அவன் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான்.

"டப்பிங்ல பாத்துக்கலாம்லே" என்றான் இயக்குநர். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவன் அப்படித்தான் சொல்வான். பேசும்படம் வந்த புதிதில் செட்டிலேயே பேச்சைப் பதிவு செய்தார்கள். பிறகு வெளிப்புறப் படப்பிடிப்பு பெருகியபோது நம் ஊரில் எங்கும் புழங்கியது ஆரி 2சி கேமரா. எங்கும் தூக்கிக்கொண்டு போகலாம், ஆனால் ஓடவிட்டால் தையல் மெஷின்போல் சத்தம் போடும். அந்தச் சத்தத்தில் வசனத்தைப் பதிவு செய்து என்ன பயன்? டப்பிங் தியேட்டரில் பேசிக்கொள்ளலாம் என்று ஆனது. அந்தக் கேமரா போயும் பழக்கம் போகவில்லை. சரி, பெரிய நடிகர் டப்பிங்கில் இன்னும் நன்றாகவே பேசுவார். எழுபது தாண்டிய ஆச்சியைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய், ஹெட்போன் மாட்டிவிட்டு, திரையில் தன் உதட்டைப் பார்த்துப் பேசச் சொன்னால் என்ன ஆகும்? அங்கேயேதான் எடுத்தாக வேண்டும் என்று நின்றேன்.

மில்லுக்குப் போனேன். வாசலில் பெண்கள் டப்பாக்களோடு வரிசையில் நிற்கிறார்கள். "கரண்டு இருக்கப்பதான தம்பி ஓட்ட முடியும், நீங்க படம் புடிக்கணும்னு சனத்தக் காக்கப் போடவா?" என்றார் மில்காரர். நியாயம்தானே. நின்று பேசியதில் ஒரு வழி பிறந்தது. ஒருவருக்கு அரைத்து முடித்ததும் அடுத்த டப்பாவை வாங்கிக் கொட்டுவதற்கு முன் கொஞ்சம் மோட்டாரை நிறுத்துவார், அதற்குள் நாங்கள் ஒரு டேக் எடுத்துக்கொள்ள வேண்டும். பதிலுக்கு அவருடைய பேத்தி காதுகுத்துக்கு நாங்கள் போட்டோ எடுத்துத் தர வேண்டும். ஒரு பையனை மில் வாசலில் நிறுத்தினோம். மோட்டார் நின்றதும் அவன் துண்டை ஆட்டுவான், ஜன்னலில் இருப்பவன் பார்த்து "ரெடி" என்பான். வரிசையில் நின்ற பெண்களும் பிறகு துண்டை ஆட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இதைப் புரொடக்‌ஷன் மேனேஜ்மென்ட் என்று பிறகு புத்தகத்தில் படித்தேன். எந்த யூடியூப் வீடியோவில் மில்காரர் வருகிறார், சொல்லுங்கள்.

யூடியூப் என்றதும் ஒரு விஷயம். எங்கள் கேமராமேன் அமெரிக்கர் ஒருவரின் வீடியோவைப் பார்த்து ஷட்டரை, அதாவது ஒவ்வொரு பிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரத்தை, 1/60 நொடியில் வைத்திருந்தான். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 சுற்று, அவருக்கு அது சரி. நமக்கு 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட்டும் அந்தக் கணக்கில்தான் மினுங்கும், ஷட்டர் அதோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாமல் டியூப்லைட் எரியும் அறையில் எடுத்தால் படத்தில் வெளிச்சம் படபடவென்று ஏறி இறங்கும், பட்டை பட்டையாகக்கூட ஓடும். ஏன் என்று மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் 1/50க்கு மாற்றியதும் நின்றது. இனி சாகும்வரை அவன் மறக்க மாட்டான். இன்னொரு குழு முழுப் படத்தையும் போனில் எடுத்தது. பல போன்கள் வெளிச்சத்துக்குத் தக்கபடி நொடிக்கு எத்தனை பிரேம் என்பதை மாற்றிக்கொண்டே இருக்கும். தனியாகப் பதிவு செய்த குரலை எடிட்டிங்கில் சேர்த்தபோது ஆரம்பத்தில் உதடும் பேச்சும் பொருந்தி, போகப் போக விலகிக்கொண்டே போனது. வீடியோவை மாறாத பிரேம் வேகத்துக்கு மாற்றிய பிறகுதான் சரியானது. வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) முந்தின ராத்திரி அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தேன்.

மைக்குக்கு வருகிறேன். வாடகை மைக்கை ஒட்டடைக் கம்பின் நுனியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினேன், அதுதான் பூம். பேனை நிறுத்தினோம். சித்திரை வெயில், ஆச்சிக்கு வியர்த்து ஊற்றுகிறது. பிரிட்ஜை நிறுத்தி பைக் சாவியை அதற்குள் வைத்தோம். சாவியை எடுக்கத் திறக்கும்போதுதானே பிரிட்ஜை மறுபடி போட ஞாபகம் வரும். இது மட்டும் யூடியூப்பில் பார்த்ததுதான், ஒப்புக்கொள்கிறேன்.

போன் வருகிற காட்சி. வசனம், "உன்னையப் பாக்கணும்போல இருக்குய்யா." ஆச்சி சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். வெட்கமில்லை, ஒப்பவில்லை. "போன் எடுத்த ஒடனே எவளாவது இதச் சொல்லுவாளா? கேக்கவன் என்னமோ ஏதோன்னு பதற மாட்டானா?" இயக்குநர் கெஞ்சிப் பார்த்தான். பிறகு, "சரி ஆச்சி, நீங்க என்ன கேப்பீங்க?" என்றான். ஆச்சி போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அங்கிட்டு மழ பெஞ்சுச்சாய்யா?" என்றார். பிறகு எதிர்முனையில் பதில் வந்ததுபோல் கொஞ்சம் நிறுத்தி, "இங்க எங்க..." என்று இழுத்தார். கரிசல் காட்டு ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கம் யார் யாருக்குப் போன் செய்தாலும் முதல் கேள்வி இதுதான், வானத்தை நம்பிப் பயிர் வைக்கிற ஊர். கவிஞனான எங்கள் இயக்குநர் வசனப் பேப்பரை மடித்துப் பையில் வைத்தான். அவனுக்கு அன்று கொஞ்சம் வலித்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு அவன் எழுதிய எதிலும் யாரும் அப்படி நேராக மனதைத் திறந்து கொட்டவில்லை.

எல்லாம் எடுத்த பிறகு ரூம் டோன் எடுக்க வேண்டும். அதாவது யாரும் பேசாமல், அசையாமல் இருக்க, அந்த அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிஷம் பதிவு செய்வது. வெட்டி ஒட்டும்போது வசனங்களுக்கு நடுவில் பள்ளம் விழாமல் நிரப்ப அது வேண்டும். எல்லாரும் நின்றோம். ஆச்சி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "யாருக்குய்யா மௌன அஞ்சலி?" என்றார். சிரித்து முடித்து மறுபடி எடுக்க மில் நிற்கும்வரை காத்திருந்தோம்.

எடிட்டிங்கில் இன்னொரு கூத்து. ஆச்சியின் முகம் அருமையாக வந்த டேக்கில் பாதியில் மில் ஓட ஆரம்பித்துவிட்டது. சத்தம் சுத்தமாக இருந்த டேக்கில் போகஸ் இல்லை. இதன் குரலை அதன் படத்தில் வைக்கலாம் என்றால் ஆச்சி இரண்டு முறை ஒரே மாதிரி பேசினால்தானே. அவர் கடலைத் தோலை ஊதுகிற ஒரு ஷாட்டைக் கேமராமேன் சும்மா எடுத்து வைத்திருந்தான். அந்தக் கைகளின் மேல் குரலை ஓடவிட்டு, பேச்சு முடிந்த பிறகு முகத்துக்கு வந்தோம். வாயசைவுப் பிரச்சினை தீர்ந்தது மட்டுமில்லை, பேசி முடித்த முகம் என்னவெல்லாமோ சொல்வதுபோல் ஆகிவிட்டது. உண்மையில் அந்த நொடியில் ஆச்சி, "முடிஞ்சுச்சா, பேனப் போடவா" என்ற யோசனையில் இருந்தார். நூறு வருஷத்துக்கு முன் குலெஷோவ் என்ற ரஷ்யர் ஒரே முகத்தை ஒரு முறை சூப்புக்குப் பக்கத்திலும் ஒரு முறை சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் வைத்து, அதே முகம் பசியாகவும் துக்கமாகவும் தோன்றுவதைக் காட்டியதை நாங்கள் ஐந்து மார்க் கேள்வியாக மனப்பாடம் செய்திருந்தோம். அது என்னவென்று எங்கள் எடிட்டருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் லென்ஸைப் பற்றிக் கேட்டார், "மெசேஜ் என்ன" என்று கேட்டார். என் முறை வந்ததும், "டப்பிங் எங்கே பண்ணீங்க?" என்றார். லைவ் சார் என்றேன். நம்பாமல் ஹெட்போன் போட்டு மறுபடி கேட்டார். அவர் போட்ட மார்க் சுமார்தான், ஆனால் அந்தக் கேள்விதான் நான் இந்த வேலைக்கு வந்த கதை. வீட்டில் புரியவைக்க மட்டும் ரசூல் பூக்குட்டி பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. பூனே திரைப்படக் கல்லூரியில் படித்தவர், 2009இல் சவுண்டுக்கு ஆஸ்கார் வாங்கினவர், அவர் பார்க்கிற வேலைதான் என்றேன். அப்பா, "அப்ப டைரக்டர் இல்லையா?" என்றார்.

இந்த வேலைக்கு வந்ததில் ஒரு சாபம், காதை மூட முடிவதில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. திருவிழாவுக்கு விலக்கு கொடுத்தாலும் வருஷத்துக்கு 15 நாள், அதுவும் நள்ளிரவு 12 மணிவரைதான். எங்கள் தெருவில் விடிகாலை நாலரைக்கே குழாய் கட்டி அலறவிடுகிறார்கள். குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி 45 டெசிபல் என்று விதியில் இருக்கிறதே என்று போய்ச் சொன்னால் என்னை நாத்திகன் என்கிறார்கள். எனக்கும் சாமி உண்டு. சாமிக்கும் காது உண்டு என்றுதான் சொல்கிறேன். இவர்களை விட்டால் பஸ்ஸில் ஹெட்போன் இல்லாமல் ரீல்ஸ் பார்க்கிறவர்கள். இந்தக் கேள்வி கேட்டவர் அந்த ரகமாக இருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

சரி, உங்கள் தம்பி விஷயம். 15 ஆயிரமும் பெரும்பாலும் கேமரா, லென்ஸ் வாடகைக்குத்தான் கேட்கிறான் என்று நினைக்கிறேன். பட்ஜெட் பேப்பரை வாங்கிப் பாருங்கள். டிரோன் என்று ஒரு வரி இருந்தால் அடித்துவிடுங்கள். பிரபலமான பின்னணி இசை எதையாவது போடப்போகிறான் என்றால், வகுப்பில் மார்க் போட்டுவிடுவார்கள், ஆனால் யூடியூப்பில் ஏற்றினால் காப்புரிமை உள்ள இசையைக் கண்டுபிடிக்கும் அதன் கன்டென்ட் ஐடி பிடித்துக்கொள்ளும் என்று சொல்லிவையுங்கள். சவுண்டுக்கு எவ்வளவு, சவுண்டு யார் என்று கேளுங்கள். "டப்பிங்ல பாத்துக்கலாம்" என்றால் பாதிதான் தருவேன் என்று நில்லுங்கள். கைக்காசு இல்லையென்றாலும் வழி இருக்கிறது. ஒரு சாதாரண காலர் மைக்கை இன்னொரு போனில் செருகி, அதை நடிகரின் சட்டைப்பையில் போட்டு, ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் கையைத் தட்டினால் போதும், பிறகு அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் குரலையும் பொருத்திக்கொள்ளலாம்.

எந்த மைக் வாங்கலாம் என்பதைத் தனிக் கேள்வியாகப் போட்டால் விலையோடு எழுதுகிறேன். இதன் கீழே கமெண்டில் கேட்காதீர்கள், எனக்கு நோட்டிபிகேஷன் ஒழுங்காக வருவதில்லை.