சொல் வராமல் நிற்கும்போது

அன்புள்ள ஐயா,

எனக்கு 68 வயது. வீட்டில் ஒரு மொழி, வேலையில் இன்னொரு மொழி என்று நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. ஓய்வுபெற்ற பிறகு அந்த இரண்டாவது மொழியில் பேச ஆளில்லை. இப்போதெல்லாம் நன்றாகத் தெரிந்த சொற்கள்கூடச் சட்டென்று வருவதில்லை. அப்பா மறதிநோயில் இறந்தவர் என்பதால் பயமாக இருக்கிறது. இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கு அந்த நோய் வராது என்று மகள் ஒரு செய்தி அனுப்பினாள். உண்மையா? இப்போது மூன்றாவதாக ஒரு மொழி கற்றால் தப்பிக்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தப் பயத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். சொல் தொண்டைவரை வந்து நிற்பது வயதானவர்களுக்கு இயல்பு. இரண்டு மொழி பேசுபவர்களுக்கு அது இளமையிலேயே சற்று அதிகம். படத்தைக் காட்டிப் பெயர் கேட்டால் அவர்கள் கொஞ்சம் தாமதமாகச் சொல்கிறார்கள் என்று பல சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். பேச்சு இரண்டு மொழிகளுக்கும் பங்காகப் போவதால் ஒவ்வொரு சொல்லும் புழங்குவது குறைகிறது என்பது ஒரு விளக்கம். அந்தச் சொல் அப்புறம் தானாக வந்துவிடுகிறதா? அப்படியானால் அதை மட்டும் வைத்து மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய வழியில் திசை தெரியாமல் நிற்பது போன்றவை இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

இனி உங்கள் மகள் அனுப்பிய செய்தி. நோய் வராது என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. தள்ளிப்போகலாம் என்றுதான் சில ஆய்வுகள் சொல்கின்றன. டொரண்டோவில் எல்லன் பியாலிஸ்டாக்கும் உடன் ஆய்வாளர்களும் மறதிநோய் சிகிச்சைக்கு வந்த 184 பேரின் பதிவுகளைப் பார்த்து 2007இல் எழுதினார்கள். இருமொழியாளர்களிடம் அறிகுறிகள் சுமார் நான்கு ஆண்டுகள் பிந்தித் தெரிந்திருந்தன. அவர்களில் பலர் புலம்பெயர்ந்தவர்கள், அதனால் காரணம் மொழிதானா என்ற சந்தேகம் எழுந்தது. 2013இல் ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடியின் குழு 648 நோயாளிகளை ஆராய்ந்தது. புலம்பெயராமல், பிறந்த மண்ணிலேயே பல மொழிகளோடு வாழ்பவர்கள். அங்கும் நாலரை ஆண்டு வித்தியாசம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அது இருந்தது என்பதுதான் என்னை மிகவும் நெகிழவைத்தது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஒருவருக்குத் தெருவில் பழகிய இரண்டாவது மொழி காவலாக நின்றிருக்கக்கூடும்!

அதே ஆய்வில் உங்கள் கடைசிக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. இரண்டுக்கு மேல் எத்தனை மொழி தெரிந்தாலும் கூடுதல் பலன் தென்படவில்லை.

எதிர்த்தரப்பையும் சொல்லியாக வேண்டும். மன்ஹாட்டனில் வாழும் ஸ்பானிய மொழிக் குடியேறிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை, சிலரை 23 ஆண்டுகள் வரை, பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. இருமொழி பேசியவர்களுக்கு நோய் குறையவில்லை. நோய் வந்தபின் மருத்துவமனைக்கு வருபவர்களை மட்டும் எண்ணுவதைவிட, நோய் வருமுன்பே தொடங்கிப் பின்தொடர்வது வலுவான முறை. ஆகவே விவாதம் முடியவில்லை. பலன் உண்டு, ஆனால் செய்திகள் முழங்கும் அளவுக்கு இல்லை என்பது என் எண்ணம்.

அப்படி நான் நினைக்க ஒரு காரணம் 2012இல் வந்த மூளை ஸ்கேன் ஆய்வு. மறதிநோயில் ஒரு வகையான அல்சைமர் வந்து, நினைவுத்திறனில் ஒரே நிலையில் இருந்தவர்களை ஒப்பிட்டபோது, இருமொழியாளர்களின் மூளைதான் அதிகம் சுருங்கியிருந்தது. அதாவது சேதம் கூடுதல், ஆனாலும் சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் ஒரு மொழியில் பேசும்போது மற்றது தூங்கிவிடுவதில்லை. அதுவும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும், அதை அடக்கிக்கொண்டுதான் பேசுகிறோம். பல ஆண்டுகள் நாள் முழுக்க நடக்கும் இந்தப் பயிற்சிதான் மூளைக்கு மாற்றுவழிகளைப் பழக்கியிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். இது சரியென்றால், பலன் மொழி தெரிந்திருப்பதில் இல்லை, புழங்குவதில் இருக்கிறது.

அதனால் பயத்துக்காக மூன்றாவது மொழி வேண்டாம். ஆசையிருந்தால் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். அதைவிட, நாற்பது ஆண்டுகள் உங்களோடு இருந்துவிட்டு இப்போது வாயடைத்துக் கிடக்கும் அந்த இரண்டாவது மொழியைப் பேச ஆள் தேடுங்கள். கூடவே இரத்த அழுத்தத்தையும் செவித்திறனையும் பார்த்துவிடுங்கள். மறதிநோய்க்கு மாற்றக்கூடிய காரணங்களாக லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட 14இல் இவை இரண்டும் உண்டு.

இன்னொன்று. என் பெரியம்மாவை ஒரு மருத்துவமனையில் அவருடைய இரண்டாவது மொழியில் சோதித்து, நோய் முற்றிவிட்டது என்றார்கள். தாய்மொழியில் கேட்டபோது பாதிக்கும் மேல் சரியாகச் சொன்னார். நோய் வளரும்போது பிந்திக் கற்ற மொழி முதலில் நழுவுவது பலரிடம் காணப்படுவதுதான். அன்று அவர் கலங்கி உட்கார்ந்திருந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நீங்கள் எப்போதாவது சோதனைக்குப் போனால் எந்த மொழியில் கேட்கப்போகிறார்கள் என்று முதலிலேயே விசாரியுங்கள். இதை மகளிடமும் சொல்லிவையுங்கள்.

அன்புடன்.