'கொலாப்ஸ்' ஆல்பம் முழுக்க ஒரே இரைச்சலாகக் கேட்கிறதா?

இறக்கிய பாட்டுக் கோப்பு கெட்டுவிட்டதா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். கெட்டுப்போகவில்லை, மறுபடியும் பதிவிறக்க வேண்டாம். மேற்கு பெர்லினைச் சேர்ந்த ஐன்ஷ்டூர்ட்செண்டே நொய்பாவ்டன் இசைக்குழு 1981இல் வெளியிட்டபோதே அது அப்படித்தான் இருந்தது. தகரமும் பழைய இரும்பும் துளைபோடும் இயந்திரமும்கூட அங்கே வாத்தியங்கள்.

"எல்லாம் கலந்து கூழாகக் கேட்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அநேகமாக போனில் பாஸை (அடித்தொண்டை மாதிரி அதிரும் தாழ்ந்த ஒலியை) ஏற்றி வைத்திருப்பீர்கள். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி டாக்சிகளில் பாட்டுச் சத்தத்தில் நெஞ்சு அதிரப் போய்வந்த காது நமக்கு, பாஸ் குறைந்தால் பாட்டே இல்லை என்று தோன்றும் (எனக்கும்தான்).

போனில் பாஸையும் மற்ற ஒலிகளையும் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை அணையுங்கள். காதை முழுசாக மூடும் ஹெட்போனில் தலைப்புப் பாடலை மட்டும், சுமார் எட்டு நிமிடம், கேளுங்கள். மெட்டைத் தேடாதீர்கள், காவடி ஊர்வலத்தில் அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் ஒரே ஒரு மேளத்தைப் பிடித்துக்கொண்டு நடப்போமே, அது மாதிரி திரும்பத் திரும்ப விழும் அந்த மெதுவான அடியைப் பிடித்துக்கொண்டால் மற்ற கீறலும் கத்தலும் தானாகத் தனித்தனியாகப் பிரியும்.

ஆனால் ஒலியைக் கூட்டிவிடாதீர்கள். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரத்துக்கு மேல் காதுக்கு ஆகாது. காதில் 'ஙொய்' என்றால் நிறுத்திவிடுங்கள். அப்புறம், எனக்கே மூன்றாவது தடவைதான் பிடித்தது.