கறள் பிடித்த சுவரும் தார்ப் பரலும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் மகளோடு நிற்க சிகாகோ போயிருந்தேன். மில்லேனியம் பூங்காவில் அனிஷ் கபூர் செய்த அந்தப் பெரிய வெள்ளி அவரைக்கொட்டையைப் பார்த்தோம். ஊரே அதில் தெரிகிறது. பேரன் அதற்குக் கீழே படுத்தே விட்டான். திரும்பி வந்து காலிமுகத்திடலில் நடக்கும்போது யோசித்தேன், எங்கள் ஊரில் மட்டும் ஏன் எல்லாம் தலைவர் சிலையாகவே இருக்கிறது? இன்னொன்றும் கேட்க வேண்டும். ரிச்சர்ட் செர்ரா என்பவரின் வேலைகளை மருமகன் கணினியில் காட்டினார். கறள் பிடித்த இரும்புத் தகடு. இதற்கா லட்சக்கணக்கில் டொலர்? நவீன கலையைத் தலையில் தூக்கிவைத்து எழுதுகிறவர் நீங்கள், அதனால்தான் கேட்கிறேன்.

ஒரு வாசகி, வெள்ளவத்தை

*

அன்புள்ள அம்மா,

வெள்ளவத்தைக்காரருக்குக் கறளைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எங்கள் பல்கனி கிறிலுக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெயின்ற் அடிக்கிறோம். அப்படியும் கீழ் மூலை பொருமி நிற்கும். நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக உதிரும். மழை விட்டதும் பார்த்தால் சுவரில் தேத்தண்ணி நிறத்தில் ஒரு கோடு இறங்கியிருக்கும்.

செர்ராவின் இரும்பு வேறு சாதி. கோர்-டென் என்பார்கள், செம்பும் குரோமியமும் கொஞ்சம் கலந்த உருக்கு. நனைந்து நனைந்து காய, மேலே படியும் கறளே இறுகி உள்ளிரும்பைக் காக்கும். ஆனால் உப்புக் காற்று அந்தப் படலத்தை இறுக விடாது. மரைன் டிரைவில் கொண்டுவந்து நிறுத்தினால் செர்ராவுக்கும் எங்கள் கிறிலின் கதிதான்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். 1981இல் நியூயோர்க்கில், அரசாங்கக் கந்தோர்கள் இருக்கும் பெடரல் பிளாசா முற்றத்தின் குறுக்கே அவர் ஒரு தகட்டை நிறுத்தினார். நீளம் 120 அடி, உயரம் 12 அடி, லேசாக வளைந்து சாய்ந்தது. அதனால் பெயர் ‘சாய்ந்த வில்’. விலை 1,75,000 டொலர். காலையில் நேரே நடந்து கந்தோருக்குள் போனவர்கள் அன்றிலிருந்து சுற்றிப் போகவேண்டி வந்தது. எரிச்சல் முற்றி 1985இல் பகிரங்க விசாரணை வைத்தார்கள். இருக்கட்டும் என்று 122 பேர் பேசினார்கள். எடுங்கள் என்று 58 பேர். ஆனாலும் விசாரித்த குழு நாலுக்கு ஒன்று என்று எடுக்கவே முடிவுசெய்தது. 1989 மார்ச்சில் ஓர் இரவு வெட்டிக் கொண்டுபோனார்கள். அந்த இடத்துக்கென்றே செய்தது, இடத்தை விட்டு எடுப்பதும் அழிப்பதும் ஒன்று என்றார் செர்ரா.

அந்த விசாரணையில் ஒரு பாதுகாப்பு நிபுணர், குண்டு வெடித்தால் இந்தத் தகடு அதன் வேகத்தைக் கட்டடத்தின் பக்கம் திருப்பிவிடும் என்று சொன்னாராம். வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. 1996 ஜனவரி 31, கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்த நாள். அன்று கோட்டையில் வேலைசெய்த யாருக்கும் ‘குண்டு வெடித்தால்’ என்பது பேச்சுக்குச் சொல்லும் வார்த்தையாக இருக்க முடியாது.

அந்த வருடங்களில் கொழும்பு றோட்டெல்லாம் சோதனைச் சாவடிகளில் தார்ப் பரல், அதாவது தகரப் பீப்பாய், நின்றதே, நினைவிருக்கிறதா? பச்சையும் கபிலமும் திட்டுத்திட்டாகப் பூசி, வாகனம் வளைந்து வளைந்து வரும்படி வைத்திருப்பார்கள். மூடியில் மழைத்தண்ணி தேங்கியிருக்கும், அதில் யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு. பஸ்ஸால் இறங்கி வரிசையில் நிற்கும்போது வெயிலில் கொதித்த அந்தத் தகரம் முழங்கையில் படும். அடையாள அட்டையில் பெயரைப் பார்த்ததும் சிலரை அந்தப் பக்கம் போகச் சொல்வார்கள், சிலரை இந்தப் பக்கம். பரல்களை எடுத்து எத்தனையோ வருடமாகியும் அந்தத் திருப்பம் வந்தால் என் கை தானாகச் சட்டைப் பொக்கற்றுக்குப் போகும். எந்தச் சிற்பி என் உடம்பில் இவ்வளவு வேலை செய்திருக்கிறான்?

இதைக் கண்டுகொண்டவர் சந்திரகுப்த தேநுவர. 1997இல் அந்தப் பரல்களையே கலைக்கூடத்துக்குள் கொண்டுபோய் ‘பரலிசம்’ என்று பெயர் வைத்தார். ஜூலை வந்தால் 83 கலவரத்தை நினைவுகூர்ந்து கண்காட்சி வைக்கும் சிங்களக் கலைஞர் அவர். பரலைப் பற்றிப் பகிரங்கமாக வாய் திறக்க நாங்கள் பயந்த நேரம் அது.

அதனால் எனக்கு அந்த நியூயோர்க் கிளார்க்குகளின் கோபமும் விளங்குகிறது. தன்னைக் கேட்காமல் வழியில் ஒன்றை வைத்தால் மனிதனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அவர்கள் செர்ராவைத் திட்டிக்கொண்டே சுற்றிப் போனார்கள், போய்ச் சாட்சியும் சொன்னார்கள். பரலைத் திட்ட முடியாது. பக்கத்தில் துவக்கோடு ஒரு பொடியன் நிற்பான். நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில், காணாமல் போன எம்பிலிப்பிட்டிய மாணவர்களுக்காக ஓவியர் ஜகத் வீரசிங்க 1999இல் கட்டிய நினைவிடத்தைப் பின்னர் இடித்தார்கள். 122, 58 என்று யாரும் எண்ணியதாக நான் கேள்விப்படவில்லை.

தலைவர் சிலைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காலிமுகத்திடலில் நிற்கும் பண்டாரநாயக்கவை எத்தனை வருடமாகக் கடந்து போயிருப்பேன். 2022 போராட்டத்தில் பெடியள் அவர் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிய அன்றுதான் நின்று அந்த முகத்தைப் பார்த்தேன்.

சிகாகோக் கொட்டை எனக்கும் பிடிக்கும். 168 உருக்குத் தகடுகளை ஒட்டி, ஒட்டு தெரியாமல் தேய்த்தெடுத்தது. கைபடும் கீழ்ப்பகுதியை நாளுக்கு இரண்டு தரம் துடைப்பார்கள். பேரனின் கைரேகையும் அன்றைக்கே போயிருக்கும்.

அடுத்த முறை நியூயோர்க் பக்கம் போனால், ரயிலில் பீக்கன் என்ற ஊர்வரை போங்கள். அங்கே டியா அருங்காட்சியகத்தில் செர்ராவின் முறுக்கிய நீள்வட்டங்கள் இருக்கின்றன. உள்ளே நடந்து போகலாம். ஒரு பக்கச் சுவர் உங்கள் மேல் சாயும், மற்றது விலகும், நடை தானாக மாறும். கூரைக்குக் கீழே இருக்கிறது, உப்புக் காற்றும் இல்லை. பேரனிடம் மட்டும் முதலே சொல்லி வையுங்கள், அங்கே கை வைக்க விடமாட்டார்கள்.